கட்டைவிரல் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம்

எலிசபெத் காட்டன் வாசித்த 'ஃப்ரெயிட் ட்ரெயின்' பாட்டை ஒலிப்பதிவில் மட்டும் கேட்பவர்கள், இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்றே முதலில் நினைப்பார்கள். ஒருவர் கனத்த தந்திகளில் டும் டக், டும் டக் என்று விடாமல் நடைபோடுகிறார். மற்றவர் சில சமயம் அந்த நடையோடு சேர்ந்தும், சில சமயம் அதன் இடைவெளியில் புகுந்தும் பாட்டின் மெட்டை வாசிக்கிறார். அங்கே இருந்தது ஒரே கிட்டார். தந்திகளை மீட்டியது ஒரே கை.

காட்டன் 1890களில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பெண். சிறு வயதிலேயே வீட்டு வேலைக்குப் போய், சேர்த்த காசில் 3.75 டாலருக்கு ஒரு கிட்டார் வாங்கினார். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பதின்வயதின் தொடக்கத்தில், வீட்டருகே ஓடிய சரக்கு ரயிலை மனதில் வைத்து இந்தப் பாட்டைக் கட்டினார். பிறகு திருமணம், குழந்தை, இதெல்லாம் கடவுளுக்கு உகந்த இசை இல்லை என்ற தேவாலயத்தாரின் கண்டிப்பு. கிட்டார் மூலைக்குப் போனது. பல பத்தாண்டுகள் கழித்து, வாஷிங்டனில் இசை அறிஞர் சார்லஸ் சீகர் வீட்டில் வேலை பார்த்தபோது, அங்கே இருந்த கிட்டாரை எடுத்து மீண்டும் வாசிக்க ஆரம்பித்தார். 1958-ல் அவருடைய முதல் இசைத்தட்டு வந்தபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. தொண்ணூறைத் தொட்ட பிறகு, 1985-ல், கிராமி விருது வாங்கினார்.

இன்று ஸ்ட்ரம்மிங்கைத் தாண்டி ஃபிங்கர்பிக்கிங்குக்கு வருகிறவர்களுக்கு ஆசிரியர்கள் கொடுக்கும் முதல் பாட்டுகளில் இதுவும் ஒன்று. கார்டுகள் அதிகம் இல்லை. சி, ஜி செவன்த், இ, எஃப், அவ்வளவுதான். மெட்டும் எளிது. கென்டக்கியின் மெர்ல் டிராவிஸ் பெயரால் 'டிராவிஸ் பிக்கிங்' என்று இந்தப் பாணியை அழைக்கிறார்கள். எளிது என்று சொன்னாலும், இதில் எல்லோரும் ஆரம்பத்தில் திணறத்தான் செய்கிறார்கள். 1968-ல் ரிஷிகேஷில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் தங்கியிருந்தபோது, ஸ்காட்லாந்துப் பாடகர் டோனவனிடம் ஜான் லெனன் உட்கார்ந்து பாடம் கேட்டது இந்த மாதிரியான பிக்கிங்கைத்தான். அப்போது லெனன் உலகறிந்த கிட்டார்காரர். 'டியர் ப்ரூடென்ஸ்', 'ஜூலியா' இரண்டும் அந்தப் பாடத்தின் விளைச்சல்.

திணறல் எங்கே வருகிறது? இடது கையில் சி கார்டைப் பிடித்துக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலால் ஐந்தாம் தந்தி, நான்காம் தந்தி, ஐந்து, நான்கு என்று மாறி மாறி மீட்டுவது யாருக்கும் சில நிமிடங்களில் வந்துவிடும். முதல் தந்தியில் ஒரே ஒரு சுரத்தை நடுவிரலால் சேர்க்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் நடுவிரல் போன தாளத்துக்கே அதுவும் போகும். "விரல் என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது" என்பார்கள்.

விரல்மேல் பழிபோடுவதற்கு உடற்கூற்றில் கொஞ்சம் ஆதாரம் உண்டு. உள்ளங்கையை மேசைமேல் வையுங்கள். நடுவிரலை மட்டும் உள்பக்கமாக மடக்கி, மற்ற விரல்களை நீட்டியே வையுங்கள். இப்போது ஆள்காட்டி விரலைத் தூக்குங்கள், எழும். சுண்டுவிரலும் எழும். மோதிர விரல்? அநேகமாக அசையாது. விரல்களுக்குள் அவற்றை நீட்டும் தசை கிடையாது. அந்தத் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களுக்கு வருகின்றன. புறங்கையில் மோதிர விரலின் தசைநாணைப் பக்கத்து விரல்களின் தசைநாண்களோடு நார்ப்பட்டைகள் பிணைக்கின்றன. நடுவிரலை மடக்கிக் கட்டிப்போட்டால் மோதிர விரலும் மாட்டிக்கொள்கிறது.

கட்டைவிரலுக்கோ இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அதை மடக்க முன்கையில் தனித் தசை இருக்கிறது. அடிப்பகுதியில் கொழுத்துத் தெரியும் மேட்டில் இன்னும் பல தசைகள். ஐந்து விரல்களிலும் அதுதான் சுதந்திரமானது. அதுவே தடுமாறுகிறது என்றால் கோளாறு கையில் இல்லை, மேலே மூளையில்.

அதற்கும் ஒரு சோதனை உண்டு. இரண்டு ஆள்காட்டி விரல்களையும் முன்னே நீட்டி, கார் வைப்பர்போல இரண்டும் ஒரே திசையில், இடமும் வலமுமாக ஆடட்டும். மெல்ல வேகத்தைக் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில், நீங்கள் விரும்பாமலேயே, விரல்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி வருவதும் விலகுவதுமாக மாறிவிடும். 1980களின் தொடக்கத்தில் ஸ்காட் கெல்சோ இதைச் சோதனைக்கூடத்தில் அளந்தார். நரம்பு மண்டலத்துக்குப் பிடித்தமான சில அசைவுச் சேர்க்கைகள் இருக்கின்றன, வேகம் கூடக்கூட அது அவற்றுக்குள் சரிந்து விழுகிறது என்பது அவர் கண்டது. தாளத்தில் மிகப் பிடித்தமான சேர்க்கை, எல்லாம் ஒரே நேரத்தில் விழுவது. கட்டைவிரலும் நடுவிரலும் ஒன்றாகப் போய் ஒட்டிக்கொள்வதை இந்த விருப்பத்தோடு சேர்த்துப் பார்க்கலாம்.

'கட்டைவிரலுக்குச் சுதந்திரம் கொடு' என்று ஆசிரியர்கள் சொல்வதைக் கேட்டு, மனதை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியைக் கட்டைவிரலுக்கும் மறு பாதியை மெட்டுக்கும் ஒதுக்க முயல்பவர்கள் உண்டு. அது வீண் வேலை. ஒரு கை மூன்றும் மறு கை இரண்டுமாகத் தட்டும் தாளங்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், இரண்டையும் இரண்டு தனி ஓட்டங்களாக நினைத்துத் தட்டியவர்களைவிட, பின்னிய ஒரே தாளமாக நினைத்துத் தட்டியவர்கள் நன்றாகத் தட்டினார்கள். கிட்டாரிலும் அதே வழிதான். ஒவ்வொரு தட்டிலும் மெட்டுச் சுரத்துக்கு இரண்டே இடங்கள்: கட்டைவிரலோடு சேர்ந்து, அல்லது இரண்டு கட்டைவிரல் அடிகளுக்கு நடுவில். மூன்றாவது இடம் இந்தப் பாட்டுக்குத் தேவையில்லை.

டிராவிஸ் பிக்கிங்கின் பாடப்புத்தக வடிவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு தட்டு. முதல் தட்டில் கட்டைவிரலும் நடுவிரலும் கிள்ளுவதுபோலச் சேர்ந்து இழுக்கின்றன. இரண்டாம் தட்டில் கட்டைவிரல் மட்டும். அதற்கும் மூன்றாம் தட்டுக்கும் நடுவில் ஆள்காட்டி விரல். மூன்றாம் தட்டில் கட்டை. அடுத்த இடைவெளியில் நடுவிரல். நான்காம் தட்டில் கட்டை. வாயால் சொன்னால்: சேர்ந்து, கட்டை, விரல், கட்டை, விரல், கட்டை. ஆறே நிகழ்ச்சிகள், ஒரே வரிசை. மிருதங்கம் கற்பவர்கள் கையால் வாசிக்குமுன் சொல்கட்டை வாயால் சொல்லிப் பழகுவார்கள். அந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த வரிசை சீக்கிரம் பிடிபடும். வாய் தடுமாறாமல் சொல்லும்வரை கிட்டாரைத் தொடாமல் இருப்பது நல்லது என்பேன்.

வாசிப்பவருக்கு ஒரே வரிசையாக இருப்பது கேட்பவருக்கு ஏன் இரண்டு ஆளாகக் கேட்கிறது? இதை நெடுங்காலம் ஆராய்ந்தவர் கனடாவின் உளவியலாளர் ஆல்பர்ட் பிரெக்மன். காதில் வந்து விழுவது ஒரே காற்றதிர்வு. அதைப் பிரித்து 'இது இன்னாருடையது, அது அவருடையது' என்று மூளைதான் கணக்கெழுதுகிறது. சுருதியில் அருகருகே உள்ள ஒலிகளை ஒரு கட்டாகவும், விலகியிருப்பவற்றை இன்னொரு கட்டாகவும் சேர்க்கிறது. ஒலியின் தன்மை மாறினாலும் பிரிக்கிறது. ஒரே வயலினில் பாஹ் இரண்டு மூன்று குரல்களை எழுப்பிக் காட்டியதும் இந்த வித்தைதான்.

ஆனால் சி கார்டில் ஒரு குறும்பு இருக்கிறது. கட்டைவிரல் மீட்டும் ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட் வினாடிக்கு 131 முறை அதிர்கிறது. நான்காம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட் 165 முறை. மேலே இரண்டாம் தந்தியின் முதல் ஃப்ரெட் 262, முதல் தந்தி சும்மா விட்டால் 330. சரியாக இருமடங்கு. எந்தத் தந்தியும் தன் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு மேற்சுரங்களையும் சேர்த்தே எழுப்பும். அதனால் கனத்த தந்தியின் மேற்சுரம் மெட்டுச் சுரத்தின் மேலேயே போய் உட்காருகிறது. இரண்டும் குழைந்து ஒன்றாகிவிடும் ஆபத்து உண்டு.

டிராவிஸும், அவரைக் கேட்டு வளர்ந்த செட் அட்கின்ஸும் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். உள்ளங்கையின் விளிம்பை பிரிட்ஜின்மேல், கனத்த தந்திகள் தொடங்கும் இடத்தில் லேசாகப் படியவைப்பார்கள். சதை பட்டதும் மேற்சுரங்கள்தான் முதலில் சாகும். எஞ்சுவது மந்தமான, சீக்கிரம் அடங்கும் ஒரு 'டும்'. அதன்மேல் மெட்டு பளிச்சென்று நிற்கும். அமர்த்தாமல் வாசித்தாலும் கையின் இயல்பான அமைப்பே ஓரளவு உதவுகிறது. கட்டைவிரல் மற்ற விரல்களைவிட ஃப்ரெட்டுகள் இருக்கும் பக்கம் தள்ளி விழுகிறது. விரல்கள் பிரிட்ஜுக்குப் பக்கத்தில். தந்தியை எந்த இடத்தில் இழுக்கிறோமோ, அந்த இடத்தைக் கணுவாகக் கொண்ட மேற்சுரங்கள் எழாது. நட்டநடுவில் இழுத்தால் இரட்டைப்படை மேற்சுரங்கள் எல்லாம் காணாமல் போகும். நடுவை நோக்கிப் போகப்போக ஒலி உருண்டையாகும், பிரிட்ஜை நெருங்க நெருங்கக் கூர்மையாகும். ஆக, ஒரே கை இரண்டு குரல்களுக்கும் இரண்டு நிறத்தைத் தானாகவே கொடுத்துவிடுகிறது.

இத்தனை நேரம் கட்டைவிரல், கட்டைவிரல் என்று சொல்லிவந்தேன். இந்தப் பாட்டை உண்டாக்கியவர் கட்டைவிரலால் பேஸ் வாசிக்கவே இல்லை. காட்டன் இடதுகைக்காரர். வலதுகைக்காரர்களுக்காகத் தந்தி பூட்டிய கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்துக்கொண்டார், தந்திகளை மாற்றிப் பூட்டவில்லை. கனத்த தந்திகள் கீழே வந்துவிட்டன. எனவே விரல்களால் பேஸ் வாசித்தார், கட்டைவிரலால் மெட்டு வாசித்தார். இன்று உலகமெங்கும் இந்தப் பாட்டைக் கற்பவர்கள் அவர் செய்ததற்கு நேர் தலைகீழாகச் செய்கிறார்கள்; பாட்டு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. எந்த விரல் எந்த வேலை என்பதை இயற்கை எழுதிவைக்கவில்லை. வீணை வாசிப்பவர்களைப் பாருங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெட்டை மீட்ட, பக்கத்திலுள்ள தாளத் தந்திகளைச் சுண்டுவிரல் பார்த்துக்கொள்கிறது. நம் கையில் ஆக இளைத்த விரல் அது.

இனி, ஆறு நிகழ்ச்சிகளை வாய் சொல்லிவிட்டது, விரலும் மெதுவாகச் செய்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மிதமான வேகத்தில், நிமிடத்துக்கு 120 தட்டு என்றால், அடுத்தடுத்த இரண்டு சுரங்களுக்கு நடுவே கால் வினாடிதான். ஒரு ஒலியைக் கேட்டு விரலை அசைக்கவே மனிதருக்கு ஏறக்குறைய 0.15 வினாடி ஆகிறது. ஒரு சுரம் சரியாக விழுந்ததா என்று கேட்டுப் பார்த்து, அடுத்தது எது என்று யோசித்து, கட்டளை அனுப்ப அவகாசம் போதாது. 1951-ல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி இதையே ஒரு பெரிய கேள்வியாக எழுப்பினார். இசைக்கலைஞரின் விரல்கள் வினாடிக்கு 16 முறை வரை விழக்கூடும், அந்த வேகத்தில் ஒரு அசைவு அடுத்த அசைவைத் தூண்டிவிடுகிறது என்ற பழைய விளக்கம் எப்படிப் பொருந்தும் என்று கேட்டார். வரிசை முழுவதும் முன்கூட்டியே மூளையில் திட்டமாக இருந்தாக வேண்டும் என்பது அவருடைய வாதம்.

அந்தத் திட்டம் துண்டு துண்டாகத்தான் உருவாகிறது. தொடக்கத்தில் ஒவ்வொரு சுரமும் ஒரு தனிக் காரியம். சில நாட்களில் 'சேர்ந்து, கட்டை' ஒரு துண்டாகிறது. பிறகு நான்கு தட்டும் ஒரே துண்டு. மூளையின் அடிப்பகுதியில் உள்ள நரம்புமுடிச்சுகள் இந்தத் துண்டு கட்டும் வேலையில் பெரும்பங்கு வகிக்கின்றன. காலக் கணக்கையும் பிழை திருத்தத்தையும் சிறுமூளை கவனித்துக்கொள்கிறது. துண்டுக்குள் ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில்தான் தயக்கம் வரும். கிட்டாரில் அந்த எல்லை பெரும்பாலும் கார்டு மாறும் இடத்தில் இருக்கும். இந்தப் பாட்டில் மோசமான இடம், இ கார்டிலிருந்து எஃப் கார்டுக்குப் போவது. இடது கையின் மூன்று விரல்களும் தாங்கள் இருந்த இடத்தை விட்டுக் கிளம்புகின்றன, ஆள்காட்டி விரல் சாய்ந்து இரண்டு தந்திகளை ஒன்றாக அமுக்குகிறது, வலது கையோ எதுவும் நடக்காததுபோல நடந்துகொண்டிருக்க வேண்டும்.

பெரும்பாலோர் இங்கே இடறியதும் பாட்டை முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். இதைவிட மோசமான பயிற்சி கிடையாது. ஏற்கெனவே வருகிற பகுதிக்கு நூறாவது முறை தீனி போட்டுவிட்டு, வராத இடத்தை ஒரு நொடி தொட்டு ஓடிவிடுகிறோம். இ கார்டின் கடைசி இரண்டு தட்டு, எஃப் கார்டின் முதல் தட்டு, இந்த மூன்றை மட்டும் வெட்டியெடுத்துப் பழக வேண்டும். எல்லையைத் தாண்டும் அந்த மூன்று தட்டும் ஒரு துண்டானால் தயக்கம் போய்விடும்.

மெதுவாகப் பழகு என்று எல்லோரும் சொல்கிறார்கள். நம் கர்நாடக இசையில் சரளி வரிசையை முதல் காலத்தில் தொடங்கி இரண்டாம், மூன்றாம் காலத்துக்கு இரட்டித்துக்கொண்டு போவதில் உள்ள நுட்பம், வேகம் மாறினாலும் சுரங்களுக்கு இடையிலான விகிதம் மாறாது என்பது. மூளை காத்துவைப்பதில் இந்த விகிதத்துக்கு முக்கிய இடம் உண்டு. கிட்டாரில் மட்டும் ஒரு எச்சரிக்கை. மெதுவாக வாசிக்கும்போது விரலைத் தந்தியிலிருந்து இரண்டு அங்குலம் தூக்கினாலும் நேரம் இருக்கும். வேகத்தில் அந்தத் தூரத்துக்கு நேரம் இருக்காது. அதனால் மெதுவாக வாசிக்கும்போதும் வேகமாக வாசிப்பவரின் சின்ன அசைவோடே வாசிக்க வேண்டும். இல்லையென்றால் வேறொரு பாட்டைத்தான் பழகிக்கொண்டிருப்போம்.

பயிற்சியில் ஓய்வின் பங்கைப் பற்றி வந்திருக்கும் முடிவுகள் வியப்பானவை. அமெரிக்காவின் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குழு ஒன்று, 4-1-3-2-4 என்ற வரிசையை இடது கை விரல்களால் தட்டச் சொன்னது. 10 வினாடி தட்டல், 10 வினாடி ஓய்வு, இப்படியே மாறி மாறி. 2019-ல் வெளியான முடிவு: தொடக்க நிலையில் வேகம் கூடியது தட்டிக்கொண்டிருந்தபோது அல்ல, சும்மா இருந்த அந்த 10 வினாடிகளில். 2021-ல் அதே குழு, ஓய்வின்போது மூளை அந்த வரிசையை ஏறக்குறைய 20 மடங்கு வேகத்தில் தனக்குள் ஓட்டிப் பார்ப்பதன் தடயங்களை வெளியிட்டது. கை சும்மா இருக்கிறது, மூளை வாசித்துக்கொண்டிருக்கிறது.

தூக்கமும் இதேபோல. மாத்யூ வாக்கரும் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் அவர்களுடைய சகாக்களும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், இதே மாதிரி விரல் வரிசையைப் பழகியவர்கள் பகலில் 12 மணி நேரம் விழித்திருந்துவிட்டு வந்தபோது குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. இரவு தூங்கி எழுந்து வந்தபோது வேகம் சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது, பிழை கூடவில்லை. 2004-ல் இன்னொரு ஆய்வு: தூக்கத்துக்குப் பின் அதிகமாகத் தேறியது வரிசையில் எந்த இடம் மிக மெதுவாக இருந்ததோ அந்த இடம். நம் இ-எஃப் மாற்றம் மாதிரியான இடங்கள். களைப்பு நீங்கியதையும் தூக்கத்தின் கணக்கில் சேர்த்துவிட்டார்கள் என்று பிறகு சிலர் மறுத்தார்கள். சர்ச்சை ஓயவில்லை. எப்படியானாலும், ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட தினம் அரைமணி நேரம் என்பது லாபம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டு அமர்வுகளுக்கு நடுவே ஒரு இரவு வருகிறதே, அதற்காகவாவது.

அந்த அரைமணியையும் ஒரே துண்டில் செலவழிக்க வேண்டாம். 1979-ல் ஷியா, மார்கன் இருவரும் செய்த ஒரு சோதனையில், மூன்று கைவேலைகளைச் சிலர் ஒவ்வொன்றாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். வேறு சிலர் மூன்றையும் கலந்து பழகினார்கள். பழகும்போது முதல் கூட்டம்தான் வேகம். 10 நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்கள் முந்தினார்கள். எஃப் மாற்றம் கொஞ்சம், ஜி செவன்த் பகுதி கொஞ்சம், மறுபடி எஃப் என்று கலைத்துப் போட்டால் அன்றைக்கு வாசிப்பு அசிங்கமாகத்தான் இருக்கும். பக்கத்து அறையில் இருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கிட்டாரே இல்லாமலும் பழகலாம். 1995-ல் அல்வாரோ பாஸ்குவல்-லியோன் பியானோ தெரியாதவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்றைக் கொடுத்தார். ஐந்து நாள், தினம் இரண்டு மணி நேரம். ஒரு குழு விரலால் வாசித்தது, இன்னொரு குழு பியானோ முன் உட்கார்ந்து மனதுக்குள் மட்டும் வாசித்தது. அந்த விரல்களை ஆளும் மூளைப் பகுதி இரண்டு குழுவிலும் விரிந்திருந்தது. மனதால் வாசித்தவர்கள் ஐந்தாம் நாளில் மற்றவர்களின் மூன்றாம் நாள் தரத்தில் இருந்தார்கள். இரண்டு மணி நேரம் கையால் வாசித்ததும் எட்டிப்பிடித்துவிட்டார்கள். பேருந்தில் உட்கார்ந்து செய்ய இதைவிட நல்ல வேலை இல்லை. விரல் நுனி வலிக்கிற முதல் வாரங்களில் இது இன்னும் பயன்படும். எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுபட்டு நிற்கின்றன. தோல் தடித்துக் காய்க்கச் சில வாரங்கள் ஆகும், அதற்குக் குறுக்குவழி கிடையாது.

அதே ஆண்டில் தாமஸ் எல்பர்ட் குழு ஒன்பது தந்தி வாத்தியக் கலைஞர்களின் மூளையை அளந்தது. ஆறு வயலின்காரர், இரண்டு செல்லோகாரர், ஒரு கிட்டார்காரர். ஃப்ரெட் பக்கம் வேலை செய்யும் இடது கை விரல்களின் தொடுகைக்கான பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. சிறு வயதில் தொடங்கியவர்களிடம் இன்னும் பெரிது. வளையும் மூளை கெட்ட வழியிலும் வளையும் என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ஒரே அசைவை மணிக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் திருப்பித் திருப்பிச் செய்யும் தொழில்முறைக் கலைஞர்களில் ஏறக்குறைய நூறில் ஒருவருக்குத் தசை இசிவு வருகிறது. வாத்தியத்தைத் தொட்டதும் ஒரு விரல் தானாகச் சுருண்டுகொள்ளும். மற்ற நேரத்தில் ஒன்றும் தெரியாது. அவர்களில் பலருடைய மூளையில் பக்கத்துப் பக்கத்து விரல்களின் எல்லைகள் ஒன்றோடொன்று கலந்துபோயிருப்பதை இதே எல்பர்ட் பிறகு காட்டினார். ஃபிங்கர்பிக்கிங்கில் பெயர்பெற்ற அமெரிக்கர் பில்லி மெக்லாஃப்லினுக்கு இடது கையில் இது வந்தது. அவர் கிட்டாரைத் திருப்பிப் பிடித்து, தன் பாட்டுகளையே இடதுகைக்காரராக முதலிலிருந்து கற்று மேடைக்குத் திரும்பினார்.

கற்றது எவ்வளவு காலம் தங்கும்? வலிப்பு நோய்க்காக 1953-ல் அறுவை செய்யப்பட்ட ஹென்றி மொலேசனுக்கு அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் நினைவில் நிற்காமல் போனது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திர வடிவத்தை வரையும் கடினமான வேலையை பிரெண்டா மில்னர் அவருக்கு மூன்று நாள் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் இதை நான் பார்த்ததே இல்லை என்றவர், ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட நன்றாக வரைந்தார். கை கற்பது மூளையில் வேறு இடத்தில் சேர்கிறது. நிகழ்ச்சிகளின் நினைவைவிட மெதுவாகச் சேர்ந்து, அதைவிட நீண்ட நாள் நிற்கிறது. வீட்டு வேலைக்கு நடுவில் அடுத்தவர் கிட்டாரை எடுத்த காட்டனின் விரல்களுக்குச் சிறுமி வயதுப் பாட்டு திரும்பி வந்ததை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

கடைசியாகக் கவனத்தைப் பற்றி. உடலின் அசைவில் கவனம் வைப்பவர்களைவிட, அந்த அசைவின் விளைவில் கவனம் வைப்பவர்கள் நன்றாகக் கற்கிறார்கள் என்பதைக் கேப்ரியல் வூல்ஃப் பல திறன்களில் சோதித்துக் காட்டியிருக்கிறார். ஆகவே வரிசை கைக்கு வந்த பிறகு விரலைப் பார்க்காதீர்கள், டும் டக் ஒலியைக் கேளுங்கள். அது சீராக ஓடுகிறதா என்பதை மட்டும் காது பார்த்துக்கொள்ளட்டும்.

இன்று இரவு மெட்ரோனோமை 60-ல் வைத்து, இ கார்டின் கடைசி இரண்டு தட்டையும் எஃப் கார்டின் முதல் தட்டையும் ஐந்தாறு முறை வாசியுங்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் கையைத் தொடையில் வைத்து 10 வினாடி சும்மா இருங்கள். கிட்டாரை வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். நாளைக்கு அதே மூன்று தட்டிலிருந்து தொடங்குங்கள், பாட்டின் முதல் வரியிலிருந்து வேண்டாம்.